மொட்டை மாடியில் சோலார்: யாருக்கு லாபம், யாருக்கு வீண் செலவு?

ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் அல்சூரில் ஒரு குறுகலான தெரு. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் வண்ண நோட்டீசுகளுடன் ஓர் இளைஞர் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"சார், மொட்டை மாடியில சோலார் போட்டுக்குங்க. அப்புறம் கரண்ட் பில்லே வராது!"

வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்பவே வர்றதில்லையே, தம்பி!"

இளைஞருக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. நோட்டீசை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபதுக்கு முப்பது மனையில் சிறுகச் சிறுகக் கட்டிய வீடு. கீழே அவர் குடியிருக்கிறார். மாடியில் இரண்டு வாடகைக் குடித்தனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீட்டர். பி.எப். பணத்தில் மிச்சமிருப்பது பாங்கியில் கிடக்கிறது.

வந்தவர் போய்விட்டார். வீட்டுக்குள் விவாதம் ஆரம்பமாகிவிட்டது.

"அப்பா, சர்க்காரே 78 ஆயிரம் மானியம் கொடுக்குது. இப்ப விட்டா கிடைக்காது" என்றான் மகன்.

"மாடி முழுக்கப் பலகையை அடைச்சுட்டா நான் வத்தல், வடகத்தை எங்க காயப் போடுவேன்?" என்றார் மனைவி.

இதே பேச்சு ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் கே.ஆர்.புரத்திலும் பல வீடுகளில் நடக்கிறது. போடலாமா, வேண்டாமா? பக்கத்து வீட்டில் போட்டுவிட்டார்கள் என்பதற்காக நாமும் போடுவதா? பதில் மாடியில் இல்லை. மாதாமாதம் வரும் பில்லில் இருக்கிறது.

திட்டம் என்ன?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு "பிரதமர் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டம்" என்பதைக் கொண்டுவந்தது. நாடு முழுவதும் 1 கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பது இதன் நோக்கம். 2026-27 நிதியாண்டு வரைக்கும் என்று வகுத்து, ரூ.75 ஆயிரத்து 21 கோடி ஒதுக்கினார்கள்.

1 கிலோவாட் போட்டால் ரூ.30 ஆயிரம் மானியம். 2 கிலோவாட்டுக்கு ரூ.60 ஆயிரம். 3 கிலோவாட்டுக்கு ரூ.78 ஆயிரம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78 ஆயிரம்தான்.

"இலவச மின்சாரம்" என்ற பெயரைக் கேட்டுவிட்டுத் தகடே இலவசம் என்று நினைப்பவர்கள் உண்டு. தகடு இலவசமில்லை. 3 கிலோவாட் போட ஏறக்குறைய 2 லட்ச ரூபாய் ஆகும். ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் 20, 30 ஆயிரம் வித்தியாசம் இருக்கும். மானியம் போக ஒன்றேகால் லட்சம் அளவுக்குக் கைப்பணம் வேண்டும். அந்தப் பணம் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

பூஜ்ய பில்

கர்நாடகத்தில் உள்ளவர்கள் இந்தக் கேள்விக்கு வேறு மாதிரிதான் கணக்குப் போட வேண்டும். காரணம், கிருஹ ஜோதி.

மாநில அரசின் இந்தத் திட்டத்தில் 2023 ஆகஸ்டு முதல் பூஜ்ய பில் வரத் தொடங்கியது. 2022-23ல் ஒரு வீடு மாதம் சராசரியாக எத்தனை யூனிட் செலவழித்ததோ அதோடு 10 சதவீதம் சேர்த்து, அந்த அளவு வரை இலவசம். உச்சவரம்பு 200 யூனிட். அவரவர் அளவைத் தாண்டி, ஆனால் 200-க்குள் நின்றால், கூடுதலுக்கு மட்டும் பணம் கட்டலாம். 200-ஐத் தாண்டிவிட்டால் அந்த மாதம் முழு பில்லும் கட்ட வேண்டியதுதான்.

அல்சூர் வீட்டுக்காரரின் மீட்டர் மாதம் நூறு யூனிட்டைச் சுற்றியே ஓடுகிறது. மூன்று விசிறி, ஒரு பிரிட்ஜ், டி.வி., மிக்சி. பில் பூஜ்யம். அவர் 1 கிலோவாட் போட்டால் மானியம் போகக் கையிலிருந்து சுமார் 40 ஆயிரம் ரூபாய் போகும். மாதம் 120 யூனிட் வரை கிடைக்கும். மிச்சமாவது எவ்வளவு? அவருக்கு எதுவும் இல்லை. மிச்சமாவது சர்க்கார் கட்டிக்கொண்டிருந்த பணம்! அந்த 40 ஆயிரத்தை 8 சதவீத வட்டிக்குப் போட்டு வைத்தாலும் மாதம் ரூ.260-க்கு மேல் கைக்கு வரும்.

"மிஞ்சின கரண்டை விக்கலாமே" என்று மகன் கேட்டான். விற்கலாம். ஆனால் மின்சார வாரியம் நமக்கு விற்கிற விலை வேறு, நம்மிடம் வாங்குகிற விலை வேறு. வாங்குகிற விலை வெகு குறைவு. ஒப்பந்தம் போடும்போது எழுதுகிற அந்த விலைதான் ஒப்பந்த காலம் முழுவதற்கும். மானியம் வாங்கிப் போட்டவருக்கு அது இன்னும் குறைவு. கரண்ட் விற்றுப் பணம் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் யாரும் இதில் இறங்க வேண்டியதில்லை.

"கிருஹ ஜோதியை நாளைக்கே நிறுத்திட்டா?" இதுவும் மகன்தான் கேட்டான். நியாயமான கேள்விதான். எந்த அரசாங்கமும் 25 வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் மாதம் 100 யூனிட் வீட்டுக்குத் திட்டம் நின்றே போனாலும் வரக்கூடிய பில் எண்ணூறு, தொள்ளாயிரம் ரூபாய்தான். அதிலும் ஒரு பகுதி நிலைக் கட்டணம். சோலார் போட்டாலும் நிலைக் கட்டணம் போகாது. வராத செலவுக்குப் பயந்து இன்றே 40 ஆயிரத்தை முடக்குவது ஓய்வு பெற்றவர் செய்யக்கூடிய காரியமாகத் தெரியவில்லை.

சோலாருக்கு முன் விசிறி

இரண்டாவது ரகம் ஒன்று உண்டு. மாதம் 210, 220, 230 என்று இழுத்துக்கொண்டு நிற்கும் வீடுகள். இவர்கள்தான் அதிகம் அடிபடுகிறவர்கள். 195 யூனிட்டில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பூஜ்யமோ, சில்லறையோ வர, 230-ல் நிற்கும் இவருக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வருகிறது. சோலார்க்காரர்கள் முதலில் தட்டுவது இவர்கள் கதவைத்தான்.

இவர்கள் மாடிக்கு ஏறும் முன் அண்ணாந்து விசிறியைப் பார்க்கட்டும்.

பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறி 30, 35 வாட்டில் ஓடுகிறது. ஒரு விசிறிக்கு 40 வாட் மிச்சம். நான்கு விசிறி தினமும் 10 மணி நேரம் ஓடினால் நாள் ஒன்றுக்கு 1.6 யூனிட், மாதத்துக்கு 48 யூனிட். 230 யூனிட் 182-க்கு இறங்கிவிடும். நான்கு விசிறிக்கு 12 ஆயிரம் ரூபாய் ஆகலாம். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பில், சில்லறைக்கு வந்துவிடும். விசிறியின் விலை ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் முதல் திரும்பும் முதலீடு சோலாரில் கிடையாது.

2 கிலோவாட் கீசரைத் தினம் அரை மணி நேரம் போட்டால் மாதம் 30 யூனிட். பெங்களூர் மாடிகளில் நிற்கும் சூரிய வெந்நீர்க் குழாய்கள் இந்தச் செலவைத்தான் குறைக்கின்றன. வெந்நீர் போடும் அந்தச் சோலார் வேறு, கரண்ட் எடுக்கும் இந்தச் சோலார் வேறு. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

மச்சான் வீட்டுக் கணக்கு

அல்சூர்க்காரரின் மைத்துனர் கம்மனஹள்ளியில் இருக்கிறார். அண்ணன், தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே மீட்டரில். இரண்டு பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மின் அடுப்பு. தம்பிக்கு பேட்டரி ஸ்கூட்டர். மாதம் 420 யூனிட். கிருஹ ஜோதி அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி யூனிட் ரூ.5.80. அதன்மேல் 9 சதவீதம் மின்சார வரி. இதர சேர்க்கைகள் தனி. ஆக, ஒரு யூனிட் ஆறேகால் ரூபாய்க்குக் குறையாது. நிலைக் கட்டணமும் சேர்த்தால் மாத பில் 3 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

1 கிலோவாட் தகடு நாள் ஒன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். பிப்ரவரி, மார்ச்சில் அதற்கு மேல். ஜூன், ஜூலையில் வானம் மூடிக் கிடக்கும்போது கீழே. 3 கிலோவாட்டுக்கு மாதம் 330 யூனிட் என்று கொஞ்சம் இறுக்கிப் பிடித்தே வைப்போம். 330-ஐ ஆறேகாலால் பெருக்கினால் ரூ.2 ஆயிரத்துக்கு மேல் மிச்சம். வருஷத்துக்கு 24 ஆயிரம். போட்ட ஒன்றேகால் லட்சம் ஐந்து, ஐந்தரை வருஷத்தில் திரும்பிவிடும்.

தகடுகளுக்கு 25 வருஷ உத்தரவாதம் கொடுக்கிறார்கள். போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி குறையும், அவ்வளவுதான். ஆனால் தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் அத்தனை காலம் உழைக்காது. பத்து வருஷம் போல் கழித்து அதை மாற்ற கால் லட்சம் ரூபாயாவது எடுத்து வைக்க வேண்டும். நோட்டீசில் இந்த வரி இருப்பதில்லை.

கையில் பணம் இல்லையென்றால் பாங்கிகள் 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் கடன் தருகின்றன. ஒரு லட்சத்து 20 ஆயிரத்தை 7 சதவீத வட்டியில், பத்து வருஷத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் ரூ.1,400. மிச்சமாகும் 2 ஆயிரத்திலேயே தவணை கட்டிவிடலாம். கம்மனஹள்ளி வீட்டுக்குச் சோலார் போடலாம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

நிழல்தான் எதிரி

கணக்கு சரியாக வந்தாலும் மாடி ஒத்துழைக்க வேண்டும்.

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் தேவை. வெறும் இடம் போதாது. காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நிழல் விழாத இடமாக இருக்க வேண்டும். தகடுகளை ஒன்றோடொன்று தொடராகக் கோத்திருப்பார்கள். ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் வரிசை முழுவதும் சுணங்கும். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, பக்கத்து வீட்டுத் தென்னை, கேபிள் கம்பம் எல்லாமே கணக்கில் சேர்த்தி.

ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம் போன்ற பகுதிகளில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிறது. இன்று தெற்கே திறந்த வானம். நாளை பக்கத்து மனைக்காரர் இன்னும் இரண்டு மாடி எழுப்பினால்? யாரும் தடுக்க முடியாது. தகடுகள் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருப்பவை. தெற்கே சுவர் எழும்பினால் 25 வருஷ உத்தரவாதம் பேப்பரில்தான் இருக்கும். சின்ன மனைக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் உத்தேசத்தையும் விசாரித்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் சங்கடமான விசாரணைதான்!

ஒரு விஷயத்தில் பெங்களூருக்கு அதிர்ஷ்டம். வெயில் சுட்டால்தான் கரண்ட் அதிகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். தகடு சூடேறினால் உற்பத்தி குறையும். வேலூர் வெயிலில் கொதிக்கும் தகட்டைவிட பெங்களூர்க் காற்றில் குளிர்ந்து கிடக்கும் தகடு சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஆனால் தூசுக்கும் புறாக்களுக்கும் பெங்களூரில் பஞ்சமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது துடைத்துக் கழுவ வேண்டும். 2024 கோடையில் குடிக்கத் தண்ணீருக்கே லாரியின் பின்னால் ஓடிய பேட்டைகளில் இதுவும் யோசிக்க வேண்டிய செலவு.

கரண்ட் போனால்?

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். "சோலார் இருக்கும்போது கரண்ட் கட் ஆனால் என்ன கவலை?" என்கிறார்கள். மானியத்தில் போடும் சாதாரண சோலார், மின்சார வாரியக் கம்பியோடு இணைந்தது. தெருவில் கரண்ட் போனால், நடுப்பகல் வெயிலாக இருந்தாலும், இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கோளாறு இல்லை. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் நம் வீட்டு மின்சாரம் தெருக் கம்பியில் ஏறி, கம்பத்தில் ரிப்பேர் பார்க்கும் லைன்மேனின் உயிருக்கு உலை வைத்துவிடும்.

ஆகவே கரண்ட் போகும் நேரத்துக்கு இப்போதுள்ள பேட்டரி யு.பி.எஸ். இருந்தே ஆக வேண்டும். பேட்டரியோடு சேர்ந்த சோலாரும் உண்டு. விலை வெகுவாக ஏறிவிடும். சில வருஷத்துக்கு ஒரு முறை பேட்டரிச் செலவும் வரும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மாடியும் இல்லை, பிரச்சினையும் இல்லை. ஆனால் ஒன்று. "சோலார் போட்டிருக்கேன், வாடகை 500 கூட" என்று வீட்டுக்காரர் சொன்னால், எந்த மீட்டருக்குப் போட்டார் என்று கேட்க வேண்டும். ஒரு மீட்டரில் இணைத்த சோலார் அந்த மீட்டரின் கணக்கில்தான் கழியும். வாடகைக்காரரின் மீட்டருக்கு கிருஹ ஜோதி வாடகைக்காரர் பெயரிலேயே கிடைக்கும். வீடு மாறினால் பழைய ஆர்.ஆர். நம்பரிலிருந்து ஆதாரை விடுவித்துப் புதியதில் பதிந்துகொள்ளலாம்.

ஊர் வீடு

பெங்களூரில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டியவர்கள் பலர். "இங்கேதான் மாடி இல்லை, ஊர் வீட்டிலாவது போடுவோமே" என்ற ஆசை அவர்களுக்கு வருகிறது.

ஊர் வீட்டில் யார் இருக்கிறார்கள்? வயதான அப்பா, அம்மா மட்டும் என்றால், தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016 மே மாதத்திலிருந்தே இருக்கிறது. இரண்டு விசிறியும் ஒரு டி.வி.யும் ஓடுகிற வீட்டில் அதற்கு மேல் எவ்வளவு போய்விடும்? வீடு பூட்டிக் கிடக்கிறது என்றால் இன்னும் வீண். தகடு வேலை செய்யும், பயன்படுத்த ஆள் இருக்காது. தூசு துடைக்கவும் ஆள் இருக்காது. பொங்கலுக்கும் ஆடிக்கும் மட்டும் திறக்கிற வீட்டுக்கு ஒன்றேகால் லட்சம் போடுவது யோசிக்க வேண்டிய விஷயம்.

அண்ணன் குடும்பம் அங்கேயே இருந்து, ஏ.சி.யும் போட்டு, இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடுகிறது என்றால் கணக்கு மாறிவிடும். தமிழ்நாட்டில் செலவு ஏற ஏற யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். உச்சப் படியில் உள்ள யூனிட்டைத்தான் சோலார் முதலில் வெட்டுகிறது. அங்கே முதல் சீக்கிரம் திரும்பும்.

கையெழுத்துப் போடும் முன்

போடுவதென்று தீர்மானித்தவர்கள் ஒரு வருஷ பில்களை எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும். ஏப்ரல் பில்லை மட்டும் காட்டினால் சோலார்க்காரர் 5 கிலோவாட் சொல்லுவார்.

மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காலமான தகப்பனார் பெயரிலோ, வீட்டை விற்றவர் பெயரிலோ ஆர்.ஆர். நம்பர் கிடக்கும் வீடுகள் நம்மவர்களிடம் நிறைய. மனு செய்பவர் பெயரும் மீட்டர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுவது உத்தமம்.

வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு 1 கிலோவாட்டாக இருந்து, 3 கிலோவாட் சோலார் போட்டால், லோடை உயர்த்த வேண்டி வரும். லோடு ஏறினால் மாத நிலைக் கட்டணமும் ஏறும். இதை பெஸ்காம் உபபிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மானியம் முன்னால் வராது. தகடு பொருத்தி, அதிகாரிகள் பார்வையிட்டு, புது மீட்டர் மாட்டிய பிறகுதான் பாங்கிக் கணக்கில் சேரும். அதுவரை முழுப் பணத்துக்கும் வழி செய்திருக்க வேண்டும். மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு பெற்ற கம்பெனியாக இருந்தால்தான் மானியம். இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்டு இந்தியாவிலேயே செய்த தகடாகவும் இருக்க வேண்டும். "இறக்குமதித் தகடு, விலை மலிவு" என்று யாராவது ஆசை காட்டினால் மானியம் போய்விடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இளைஞர் மறுபடி அல்சூர் தெருவுக்கு வந்தார். போன வாரம் கொடுத்த நோட்டீசின் பின்பக்கத்தில் வீட்டுக்காரர் பென்சிலால் கணக்கெழுதி வைத்திருந்தார்.

"எனக்கு வேண்டாம் தம்பி. கம்மனஹள்ளியில என் மச்சான் வீடு இருக்கு. விலாசம் தர்றேன், அங்க போ" என்றார். உள்ளே இருந்து காபி வந்தது. குடித்துவிட்டு இளைஞர் கிளம்பினார். மாடியில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது.

கம்மனஹள்ளியில் மாடியை அளந்து பார்த்தாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியை மூலைக்கு நகர்த்த அண்ணனும் தம்பியும் சம்மதித்துவிட்டார்கள். தெற்குப் பக்கம் மாடி வரைக்கும் வளர்ந்து நிற்கும் முருங்கை மரத்தை வெட்டுவதா, கிளையை மட்டும் கழிப்பதா என்பதில்தான் அண்ணிக்கும் தம்பி மனைவிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.